போன் மேல் ஒரு சொட்டு

“டீச்சர், கடைசி பெஞ்சுல மேட்ச் ஓடுது டீச்சர்.”

“கோள் மூட்டாத. உன் போன்ல மட்டும் பாடமா ஓடுது?” என்று கடைசி பெஞ்ச் உறுமியது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில், கரண்டே இல்லாத மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

டீச்சருக்கு இதுதான் முதல் வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றதிலிருந்து கையிலிருந்த சாக்பீஸை ஒடித்து ஒடித்துத் தூளாக்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்:

“அவங்கவங்க போனோட ஒரே ஒரு வகுப்பு. மணி அடிக்கிற வரைக்கும் நீ கட்டி மேய்ச்சுக் காட்டிட்டா, திங்கட்கிழமையிலேர்ந்து நம்ம ஸ்கூலுக்கு போன் கொண்டு வரலாம். முடியலைன்னா, இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

இந்த ஒரு வாய்ப்புக்காக டீச்சர் நடையாய் நடந்ததில், தலைமையாசிரியை அறையின் வாசற்படி அரை அங்குலம் தேய்ந்திருந்தது.

ஆனால் மேய வந்த மந்தை லேசுப்பட்டதா? கதவோரத்தில் ஒரு போன் அடுத்த தெரு வரைக்கும் பாட்டுப் பாடியது. ஜன்னலோரம் உதட்டைக் குவித்துக் குவித்துத் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருந்தது. நடு பெஞ்ச் தன் போனின் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் பக்கத்து பெஞ்சிடம் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து பெஞ்சுக்கு அது தெரிந்திருந்தது.

“டீச்சர், சார்ஜ் இல்ல.”

“டீச்சர், நெட்டு வரல.”

“டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?”

“தண்ணி இங்கேயே இருக்கு.” குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனாலும் டீச்சர் ஒரு கிண்ணம் தண்ணீரை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். “குடிக்கிறதுக்கு இல்ல. போன் மேல விடறதுக்கு.”

பாட்டு நின்றது. மேட்ச் நின்றது. குவிந்த உதடு குவிந்தபடியே நின்றது.

“என் போன் மேலயா? இது புதுசு டீச்சர். வீட்டுல தோலை உரிச்சிடுவாங்க.”

“ஒரே ஒரு சொட்டு. போனை மல்லாக்கப் படுக்க வைங்க. செல்ஃபி கேமராவைத் திறங்க. அந்தச் சின்னக் கண்ணு மேல, விரல் நுனியால ஒரு சொட்டு. அவ்வளவுதான்.”

“போன் செத்துப்போச்சுன்னா?”

“முதல்ல என்னோடது சாகட்டும்.”

சொன்னபடியே தன் போனில் சொட்டு வைத்தாள். விரலில் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவி, அந்தச் சொட்டுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் கொண்டுபோனாள். திரையில் விரல் ரேகைகள் உழுத வயலாக விரிந்தன. வரப்புக்கு வரப்பு, சாக்பீஸ் தூள் பாறை பாறையாகக் கிடந்தது.

கடைசி பெஞ்ச் இரண்டு பெஞ்சைத் தாண்டிக் குதித்து முன்னால் வந்தது. “தள்ளு, தள்ளு, மறைக்குது.”

அப்புறம் கேட்க வேண்டுமா? கிண்ணத்தைச் சுற்றி ஒரு யுத்தமே நடந்தது. சார்ஜ் இல்லாத போனுக்கெல்லாம் எங்கிருந்தோ சார்ஜ் வந்துவிட்டது.

“டீச்சர், என் சட்டை நூலு கப்பல் கட்டற கயிறு மாதிரி இருக்கு.”

“எத்தனை இழை முறுக்கியிருக்குன்னு எண்ணுங்க.”

“டீச்சர், எறும்பு மாட்டிக்கிச்சு. இதுக்குக் காலெல்லாம் முடி.”

“ஜன்னலோரத்துத் தலையில இருக்கறதைவிட ஜாஸ்தியா?” என்றது நடு பெஞ்ச்.

“அதைவிட ஜாஸ்திதான்,” என்று ஜன்னலோரமே ஒப்புக்கொண்டது. எறும்பின்மேல் வைத்த கண்ணை அது எடுக்கவில்லை.

“அது சரி, ஏன் டீச்சர் இவ்வளவு பெருசாத் தெரியுது?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் டீச்சர் காத்திருந்தாள்.

“சொட்டு வயிறு உப்பிக்கிட்டு இருக்குல்ல? பூதக்கண்ணாடிக்கும் அதே வயிறுதான். துணி நுனியால லேசா ஒத்தி, வயித்தைக் குறைச்சுப் பாருங்க.”

“அட, எறும்பு சின்னதாயிடுச்சு.”

“எனக்கு இன்னும் ஒரு சொட்டு.”

“வரிசையில வா, நான்தான் முதல்ல.”

மணி அடித்தது. ஒரு தலைகூட நிமிரவில்லை. பள்ளிக்கூடமே இடிந்து விழுந்திருந்தாலும், ‘தூசி விழுது, தள்ளு’ என்றுதான் குரல் வந்திருக்கும்.

தலைமையாசிரியை உள்ளே வந்து தொண்டையைக் கனைத்தார். கடைசி பெஞ்ச் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஷ்ஷ், எறும்பு ஓடிடும்,” என்றது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீச்சரின் தோளைத் தட்டினார். “ஜெயிச்சிட்டம்மா. ஓடு, ஒன்பதாம் வகுப்புல உன் பிரெண்ட்ஸ் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. திங்கட்கிழமை போனோட வரச் சொல்லு.”

பிறகு கிண்ணத்தைச் சுற்றியிருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “போன் கொடுத்தா பசங்க கெட்டுப்போயிடுவாங்கன்னு மீட்டிங்ல மேஜையைத் தட்டின வாத்தியாருங்க எல்லாரும், அந்த எறும்பை விட்டுட்டு, அவங்கவங்க வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுங்க.”