ட்ரங்க் கால்

“ஏலே ஜெயசிங்கு, பாத்தும் பாக்காத மாதிரி நிக்கியே, நான் ஒனக்கு என்னல செஞ்சேன்?”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில், சூட்கேஸோடு நின்றான் நஜ்முதீன். ரயில்வே ஹாக்கி டீமின் கோல்கீப்பர். பெருநாளுக்குக் கடையநல்லூர் போகிற வழியில் பஸ் மாற இறங்கியிருந்தான்.

ஜெயசிங் ஒரு சைக்கிளில் டோக்கனைத் தொங்கவிட்டான்.

“நீ ஒண்ணும் செய்யல. போ, பஸ்ஸு போயிரும்.”

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஜெயசிங் முளையோடு நின்றுவிட்ட பயிர். பள்ளிக்கூடத்தில் ஆடும்போதே அவனைப் பார்க்க சிவகிரியிலிருந்தெல்லாம் ஆள் வரும். இந்த சென்டர் பார்வர்ட் இந்தியாவுக்கே ஆடுவான் என்றார்கள். எழுபத்து நாலில் மாநில டீமுக்கு ஆள் எடுக்க நஜ்முதீனோடு இவனையும் மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். ஆடிவிட்டு ஊருக்கு வந்தான். அதோடு சரி, அப்புறம் ஹாக்கி மட்டையைத் தொடவில்லை. “மெட்ராஸ் பிளேயரு, ஒரு டோக்கன் போடும்வே” என்று ஊர் கேலி பேசி ஓய்ந்தே ஒன்பது வருடமாகிறது. பாவம், அவனும் ஓய்ந்துபோயிருந்தான்.

ஓரத்து ஸ்டூலில் அவன் அக்கா ஜெயபாய் உட்கார்ந்திருந்தாள். கரிவலம்வந்தநல்லூரில் இங்கிலீஷ் டீச்சர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தம்பியோடு சேர்ந்துதான் வீட்டுக்குப் போவாள்.

“அவன்ட்ட ஹாக்கியப் பத்திப் பேசாதீங்க தம்பி. பட்டது போதும்” என்றாள்.

“பட்டது நாங்கக்கா! டீமே மெட்ராஸ்ல இவனுக்காகக் காத்துக் கெடந்துச்சு. தொர திமிர்ல வரல.”

ஜெயசிங்குக்குக் கோபம்கூட அலுப்பாகத்தான் வந்தது.

“என்னைய எடுக்கவே இல்லியேல. அப்புறம் எங்க வர? கூடவே இருந்தியே, எனக்காக ஒரு வார்த்த பேசுனியா?”

“எடுக்கலன்னு எவம்ல சொன்னான்?”

“கோச்சுதான். அக்கா பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டாரு. அவருக்குத் தமிழ் வராதுன்னு அக்காதான் பேசுனா.”

நஜ்முதீன் சூட்கேஸைக் கீழே வைத்தான்.

“போன் போட்டது நெசந்தான். நான் பக்கத்துல நின்னேன். ஒனக்கு எடத்த மாத்தியிருக்குன்னு சொல்லத்தான் போட்டாரு. லைன்ல ஒரே இரைச்சல். ஒம் பேரையும் எடத்தையும் மட்டும் கத்திச் சொன்னாரு, கட்டாயிட்டு. சென்டர் பார்வர்ட் கிடைக்கலன்னுதான் கோவிச்சுக்கிட்டு வரலன்னுல்லா நெனச்சோம்!”

ஜெயபாய் ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தாள்.

“மாத்தி எங்க போட்டாரு தம்பி?”

“எடது பக்கம் கோடியிலக்கா. கோட்டை ஒட்டியே ஓடுத ஆளு.”

“அந்த எடத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?”

“லெஃப்ட் அவுட்.”

ஜெயபாயால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அதத்தாம்ல போன்ல சொன்னாரு. நான்லா வீட்டுக்கு வந்து, ‘ஒன்ன விட்டுட்டாவளாம்’னு தமிழ்ல சொன்னேன்.”