குரங்கு உடைத்த கண்ணாடி

நல்லகண்ணுவின் தலைத்திவசத்தன்று, அவர் படத்துக்கு மாலை போடப் போன கடையத்து மாமா கையை அப்படியே நிறுத்திவிட்டார். படத்தில் கண்ணாடி இல்லை.

போன வருஷம் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அந்தப் படம் வந்து இறங்கியபோது, தென்காசியில் அந்தத் தெருவே கூடி நின்று பார்த்தது. அண்ணனுக்காகத் தம்பி கோமதிநாயகம் மதுரையில் செய்து கொண்டுவந்த படமாயிற்றே! நாலு விரல் அகலத்துக்குத் தேக்குச் சட்டம். கனத்த சீமைக் கண்ணாடி. கல்லைக் கொண்டு எறிந்தாலும் உடையாது என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார் மனுஷன்.

"கண்ணாடி எங்கம்மா, சுந்தரி?" என்றார் மாமா.

நல்லகண்ணுவின் மனைவி சண்முகசுந்தரி ஒளிக்கவில்லை.

"காருல இருக்கு மாமா."

கார் என்றால் நல்லகண்ணு விட்டுப்போன பழைய ஃபோர்டு கார். தென்காசி ரயிலடியில் இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப்போகிற வாடகை வண்டி. அவர் போனபிறகு மசூது ஓட்டுகிறான். சவாரி பேசுவது, பெட்ரோலுக்குச் சொல்வது எல்லாம் சுந்தரிதான். தாலியறுத்தவளுக்குக் கார் என்ன வேண்டிக்கிடக்கு என்று ஊர் பேசியது. பேசுகிற வாய் பேசட்டும் என்று அவள் இருந்துவிட்டாள்.

அந்தக் காருக்கு ஒரு கதவில் கண்ணாடி இல்லாமல் போனதுதான் கஷ்டம். அந்தப் பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாமான் வாங்கக் காரை எடுத்துப்போன கோமதிநாயகம், கண்ணாடி இல்லாமல் திரும்பி வந்தார். குற்றாலத்தில் நிறுத்தியிருந்தாராம், குரங்கு உடைத்துவிட்டதாம். குரங்கிடம் போய் யார் நியாயம் கேட்பது? சுந்தரி தகரம் வைத்து அடைத்தாள்.

சீசனுக்கு வந்தவர்கள் தகரத்தைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்கு நடந்தார்கள். தகரத்தைக் கழற்றினால் சாரல் நேரே மடியில் அடித்தது. ஒரு சீசன் பாழாய்ப் போயிற்று. இந்த ஆனியும் அப்படியே போனால் காரை நிறுத்திவிட வேண்டியதுதான் என்ற நிலைமை. அப்போதுதான், திவசத்துக்காகப் படத்தை இறக்கித் துடைத்தவள், அதன் கண்ணாடியைக் கழற்றி மசூது கையில் கொடுத்தாள்.

கோமதிநாயகத்துக்கு வந்ததே கோபம்! அண்ணன் முகத்தைவிட மதினிக்குக் கார்தான் பெரிதாகிவிட்டதா என்று கேட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. காரை விற்றுவிட வேண்டும், வாங்க ஆள் தயாராக இருக்கிறது, மதினிக்குத் தன் வீட்டில் ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற மாட்டேனா என்றார். வந்திருந்த சொந்தபந்தமெல்லாம் தலையாட்டியது.

"தம்பி சொல்லுதது நியாயந்தானேம்மா" என்றார் மாமா.

சுந்தரிக்குத் தெரியும்: கார் போனால் நாளை முதல் கொழுந்தனார் வீட்டு அடுப்படிதான் கதி. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

"இன்னைக்கு உங்க இலையில விழப்போற சோறு இந்தக் காரு ஓடிப் போட்டது மாமா. நான் ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல. அவுக படத்துலயா இருக்காக? அந்தக் காருலதான் இருக்காக."

சொல்லி வாய் மூடவில்லை, மசூது சவாரியை இறக்கிவிட்டுக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வெளியே நல்ல சாரல். கண்ணாடி மேல் தண்ணீர் வழிகிறது, உள்ளே இருக்கையில் பொட்டு ஈரமில்லை. இப்போதே கழற்றிப் படத்தில் மாட்டு என்று மசூதிடம் அதிகாரம் பண்ணினார் கோமதிநாயகம்.

மாமா நனைந்துகொண்டே காரிடம் போனார். கதவின் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. திருப்பிச் சுற்றினார். ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தது. மேல்மூலையில் கதவு வளைகிற இடத்தில் கண்ணாடியும் அதேபோல் வளைந்திருந்தது. அவர் அந்த வளைவைத் தடவிப் பார்த்தார்.

"படத்துக் கண்ணாடிய இவ்வளவு அளவா யாரும்மா வெட்டுனா?"

"யாரும் வெட்டல மாமா. படத்துலேருந்து எடுத்தோம், கதவுல விட்டோம், ஏறி உக்காந்துட்டு. அந்த வளைஞ்ச மூலை இத்தன நாளும் சட்டத்துக்குள்ள மறைஞ்சு கிடந்திருக்கு."

மாமா மெல்லத் திரும்பிக் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அவர் தோள்துண்டை எடுத்து, நனையாத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுந்தரி மரியாதை குறையாமல்தான் சொன்னாள்:

"குத்தாலத்துக் கொரங்க நாமதான் தப்பாப் பேசிட்டோம் தம்பி. அது கண்ணாடிய உடைக்கவே இல்ல. பத்திரமாக் கழட்டி, தேக்குச் சட்டம் போட்டு, என் வீட்டுச் சுவத்துலயே கொண்டாந்து மாட்டியிருக்கு."