கயிற்றில் தொங்கிய வல்லூறு வீரன்

முதலில் தொந்தி வந்தது. அதற்குப் பிறகுதான் வல்லூறு வீரன் வந்தார்.

கல்லூரி விடுதியின் டிவி அறை சிரிப்பில் குலுங்கியது.

உடம்பைப் பிடிக்கும் நீல உடை. அதன் மேல் மஞ்சள் ஜட்டி. பாதி முகத்துக்கு முகமூடி. சின்ன வயதில் எல்லாரும் காமிக்ஸில் படித்த அதே வீரன்தான். என்ன, அதில் அவன் பாடமாட்டான். இந்த டிவி நாடகத்தில் சண்டைக்கு முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு. வில்லன்கூட வெடிகுண்டை வைத்துவிட்டு, நிதானமாக ஒரு சரணம் பாடிவிட்டுத்தான் ஓடினான்.

அவள் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தொந்தி அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுடையது.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம், விடுதியில் சேர்ந்த அன்றே "பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். முகமூடியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும். விஷயம் வெளியே வந்தால் படிப்பு முடியும்வரை அவள் மஞ்சள் ஜட்டியின் மகள்தான்.

"இந்தாளு வீட்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாடி?" என்றாள் முன்வரிசையில் இருந்த ரெஜினா.



வீரன் பறக்கும் இடம் வந்தது. நேரடி ஒளிபரப்பு. கயிறு அவரைப் பாதி உயரம் தூக்கியது. அங்கேயே சிக்கிக்கொண்டது. அவர் மெல்லச் சுழன்று தலைகீழானார்.

அறையில் ஊளைச் சத்தம். திரையில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன.

ஆர்மோனியம் மட்டும் நிற்கவில்லை.

அவளுக்குத் தெரியும். நாடக மேடையில் எது உடைந்தாலும் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். சரியாகும்வரை நடிகர் பாடியாக வேண்டும். அப்பா அப்படி வளர்ந்தவர்.

பாடுப்பா, என்று மனசுக்குள் சொன்னாள்.

பாடினார்.

தலைகீழாக. கழுத்து நரம்பு புடைக்க. ஒரு சுரம் பிசகாமல்.

என்ன குரல் அது. எத்தனை நாள் அந்தக் குரல் கேட்டுத்தான் அவள் கண் விழித்திருப்பாள். இப்போதுதான் உடம்பு சிலிர்த்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ "செம வாய்ஸ்டி" என்றார்கள்.

எழுதிக் கொடுத்த வரிகள் தீர்ந்துபோயின. கயிறு இறங்கின பாடில்லை. அவர் வாய்க்கு வந்ததைப் பாட ஆரம்பித்தார். வில்லனைத் திட்டி ஒரு வரி. கயிற்றைத் திட்டி ஒரு வரி. அதுவும் தீர்ந்ததும் மெட்டு தானாக இறங்கி, வீட்டில் அவளுக்குச் சோறு ஊட்டும்போது பாடின பாட்டில் போய் நின்றது.

*ஊரக் காக்கப் பறந்து வந்தேன், கயிறு விடலையே*
*என் கொழுக்கட்டை சாப்பிட்டாளா, யாரும் சொல்லலையே*



அறையே கைதட்டியது. ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"யாருடி அந்தக் கொழுக்கட்டை?"

அவள் எழுந்தாள். கால்களையும் தலையணைகளையும் தாண்டி நேரே முன்வரிசைக்கு வந்தாள்.

"நான்தான். தள்ளி உக்காருடி, எங்கப்பாவ நான் பாக்கணும்."