அந்த அம்மா சொன்ன நம்பர்

"ஏழாம் நம்பர் திரும்பி வராது, தம்பி."

காதோரம் யாரோ முணுமுணுக்க, குளம்படி திடுக்கிட்டுத் திரும்பினார். பந்தய மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா. கண்கள் மூடியிருந்தன.

'குளம்படி' என்பது அவர் பேப்பரில் குதிரைப் பந்தயக் கணிப்பு எழுதுகிற பெயர். நாளாவட்டத்தில் கூப்பிடுகிற பெயரும் அதுவே ஆகிவிட்டது. எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கிறது, எது ஈரத் தரையில் சோர்ந்துபோகும், எந்த ஜாக்கி எப்போது சவுக்கை எடுப்பான், எல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் கணக்குப்படி அன்றைக்கு ஜெயிக்க வேண்டியதே ஏழாம் நம்பர்தான்.

"சரிங்கம்மா," என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்.

கடைசி வளைவில் முன்னால் வந்துகொண்டிருந்த ஏழாம் நம்பர், முன்னங்கால் மடங்கி விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தது. ஆட்கள் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கால் ஒடிந்த குதிரையைத் திரைக்குப் பின்னால் கொன்றுவிடுவார்கள் என்று அங்கே தெரியாதவர் யார்?

குளம்படி வேலிப் பக்கம் பார்த்தார். அந்த அம்மாவைக் காணோம்.

அடுத்த பந்தயத்தன்று அவரே தேடிக்கொண்டு போனார். அதே இடம், அதே கோட்டு. லாயத்திலிருந்து குதிரைகளைச் சிமெண்டுப் பாதையில் நடத்தி வந்தார்கள். அவை கடக்கிறவரை அவள் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, சிலை மாதிரி நின்றாள்.

"மூணு," என்றாள். "அந்தக் கறுப்பு. பாவம், இன்னைக்கு முடிஞ்சிடும்."

குளம்படிக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. விட்டார் ஓட்டம். எல்லாரும் கறுப்புக் குதிரை மேல் பணம் கட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதற்கு அடுத்ததாக வரக்கூடிய குதிரை மேல் கட்டினார்.

கறுப்பு விழுந்தது. அவர் குதிரை ஜெயித்தது.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு வெலவெலத்துப் போனாள்.

"ஏங்க, அவ மனுஷிதானா? கால் தரையில பட்டுச்சா, பார்த்தீங்களா?"

"செருப்புப் போட்டிருந்தா."

"பேய் செருப்புப் போடக் கூடாதுன்னு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா? இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. "அடுத்த பந்தயம் எப்போ?"

அதற்குப் பிறகு குளம்படி அந்த அம்மாவைக் கேட்காமல் எதுவும் எழுதுவதில்லை, கட்டுவதில்லை. ஊரே அவர் கணிப்பை மெச்சியது. சில நாள் அவள் முகம் மலர்ந்து, "இன்னைக்கு யாருக்கும் ஒண்ணுமில்ல தம்பி," என்பாள். அன்றைக்கெல்லாம் அவருக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்று வானம் மூடியிருந்தது. குதிரைகள் கடந்ததும் அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி விரல்கள்.

"அஞ்சு. மேல உக்காந்திருக்கறது சின்னப் பொண்ணு. சீக்கிரம், தம்பி."

கையை உதறிக்கொண்டு ஓடினார். கவுண்டர் மூடுவதற்குள் சீட்டு வாங்கிவிட்டார்.

ஐந்தாம் நம்பர் விழுந்தபோது அந்தப் பெண் ஜாக்கி அதன் அடியில் சிக்கிக்கொண்டாள். திரை ஒரு பக்கம், ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் ஓடியது. உயிர் இருக்கிறது என்றார்கள். கால் இனி உதவாது என்றும் பேசிக்கொண்டார்கள். குளம்படி கட்டிய குதிரைதான் முதலில் வந்தது. பணம் வாங்கப் போகாமல் அவர் வேலிப் பக்கம் வந்தார்.

அந்த அம்மா இந்தத் தடவை எங்கும் போகவில்லை. வேலியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு நீங்க?" என்றார். "சாவு உங்க கண்ணுக்குத் தெரியுதா? இல்ல, நீங்கதான் அதைக் கூப்பிடறீங்களா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணுல என்ன தெரியும்? காதுல கேக்கும். சிமெண்ட் மேல நாலு குளம்பும் ஒரே மாதிரி விழணும். ஒண்ணு தயங்கினா உள்ள எலும்பு விரிசல் விட்டிருக்குன்னு அர்த்தம். வலி தெரியாம ஊசி போட்டுப் பந்தயத்துல இறக்கிடறாங்க. நான் இங்கதான் குதிரை டாக்டரா இருந்தேன். இந்த மாதிரிக் குதிரையை எல்லாம் நிறுத்தி நிறுத்தி, முதலாளிங்க ஒண்ணா சேர்ந்து என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப லாயத்துக் கேட்டைத் தாண்டி என்னை விடறதில்ல. வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கலாம்."

குளம்படி கையிலிருந்த சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"அப்போ... என்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"கழுத்துல பத்திரிகை அட்டை தொங்குதே. உங்களுக்குன்னா அந்தக் கேட் திறக்கும், பந்தய அதிகாரியையே பார்த்துச் சொல்லலாம்."

அவள் அவர் தோளை ஆதரவாகத் தட்டினாள்.

"மனசை விட்டுடாதீங்க தம்பி. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் எப்படி விழுந்தடிச்சு ஓடுனீங்க. என் பேச்சு மாதிரியே உங்க பேச்சையும் அந்தப் பாவிங்க காதுல வாங்கல, நீங்க என்ன பண்ணுவீங்க?"