கார்ஜியஸ்

"இனிமே ஆபீஸ்ல யாரும் யாரையும் 'கார்ஜியஸ்'னு சொல்லக் கூடாதாம்!"

டைப்பிஸ்ட் கொண்டுவந்த சேதியைக் கேட்டு ஹெட் கிளார்க்கின் முகம் தொங்கிவிட்டது. அவருடைய நாற்காலி முன்வாசலை ஒட்டி இருந்தது. காலையில் உள்ளே நுழையும் பெண்களைப் பார்த்து "கார்ஜியஸ்!" என்று ஒரு போடு போட்டால்தான் மனிதருக்கு அன்றைய வேலையே ஓடும்.

"பேரன் பேத்தி எடுத்தவரு. அவர் சொல்றதுல என்ன விகல்பம் இருக்கு?" என்று பொரிந்தாள் அக்கவுண்ட்ஸ் அக்கா. "ஆசையா டிரஸ் பண்ணிட்டு வர்றோம். வீட்ல எவன் நிமிர்ந்து பாக்கறான்?"

"'நல்லா இருக்கு'ன்னு காபியைக்கூடச் சொல்லலாம்மா. கார்ஜியஸ்னா கண்ணைப் பறிக்கிற அழகு! மனசாரப் பாராட்டறது ஒரு குத்தமா?" என்றார் ஹெட் கிளார்க்.

"புது மேனேஜரம்மாவை யாரும் அப்படிச் சொல்லல. அந்த வயித்தெரிச்சல்!" என்றாள் டைப்பிஸ்ட்.

நியாயம் கேட்கப் படை திரண்டது. மூலையில் பார்சல்களுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்த டெஸ்பாட்ச் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"விடுங்கக்கா. குடோன் வழியா வந்து குடோன் வழியா போறவ. இவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் டைப்பிஸ்ட்.

மேனேஜரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஹெட் கிளார்க்கைப் பார்த்தார்.

"நீங்க எல்லாருக்கும் அப்படிச் சொல்வீங்களா சார்?"

"எல்லாருக்கும்தான் மேடம். ஓரவஞ்சனை நம்ம பரம்பரையிலேயே கிடையாது."

"நல்லது. நாளைலேருந்து எல்லாருக்கும் குட் மார்னிங். அவ்வளவுதான்."

"சரியான கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் காலை ஹெட் கிளார்க் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்ட் வந்தாள். "குட் மார்னிங்." புது டிரஸ்ஸில் அக்கவுண்ட்ஸ் அக்கா வந்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "குட் மார்னிங்."

அடுத்து டெஸ்பாட்ச் பெண் வந்தாள், முன்வாசல் வழியாக.

"குட் மார்னிங்" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, அதிசயமா இந்தப் பக்கம்? தெருவைச் சுத்திக்கிட்டு குடோன் வழியாத்தானே வருவே?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் சார் வந்தேன்" என்று சிரித்தாள் அவள். "அப்போ நீங்க எனக்கு மட்டும்தான் குட் மார்னிங் சொல்வீங்க."