காற்றுக்கு விளிம்பு

மேகத்துக்கு மேலே மாலை வெயில் பாகாக இளகிக் கிடக்கிறது. சின்ன விமானத்தின் இடப்பக்க எஞ்சின் இப்போதுதான் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியிருக்கிறது. வலப்பக்க எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டே இழுக்கிறது. ஜன்னலோரத்தில் மருமகன், அடங்கிய எஞ்சினின் விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மாமனார், "ஆம்பளைன்னா காத்தை நெஞ்சால எதிர்க்கணும் மாப்பிள்ளை" என்ற தம் பேருரையின் நடுவில் கண்மூடி லயித்திருக்கிறார். எஞ்சின் போன பிறகு விசிறித் தகடுகள் காற்றை நெஞ்சால் எதிர்த்தால் விமானத்தையே பின்னுக்கு இழுக்கும். எண்ணெய் அழுத்தம் இறங்கியதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அவற்றைத் திருப்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிறுத்த வேண்டும். அந்த ஸ்பிரிங்கைப் போன வாரம் பூட்டியவன், விமான மெக்கானிக்கான இந்த மருமகன்தான். தோளில் இடுக்கிய போனில் இதே பேருரையைக் கேட்டுக்கொண்டே பூட்டினான். கடைசி நட்டை முறுக்கினானா, "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னானா, நினைவில்லை. விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது. பிறகு தகடுகள், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், மெல்லத் திரும்புகின்றன. அகலம் குறைந்து குறைந்து, விளிம்பில் வெயில் ஒரு பொன்கோடாகிறது. விசிறி நிற்கிறது. விமானம் வழுக்கிக்கொண்டு போகிறது. மருமகன் மூச்சு விடுகிறான்.

மாமனார் கண்திறந்து பார்க்கிறார். "என்ன மாப்பிள்ளை, நின்னுடுச்சு?"

"நிக்கணும் மாமா. நின்னாத்தான் வீடு போய்ச் சேருவோம்."

நிமிர்ந்திருந்த அந்த நெஞ்சு பக்கவாட்டில் மெல்லத் திரும்பி, சத்தமில்லாமல், மருமகனின் தோளில் சாய்கிறது.