அக்கா கொடுக்காத கை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. எஸ்தோனியா நாட்டு அதிபர் ஒருவரின் கதை சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். தீவில் பிறந்த தாவெத்தை, மீன் விற்றுப் படிக்க வைத்தவள் அக்கா ஹெல்மி. அவன் வக்கீலாகி, மந்திரியாகி, கடைசியில் அதிபராகவும் ஆனான். சுதந்திர தின விருந்துக்கு வருகிறவர்கள் வரிசையில் வர, அதிபர் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பதை அங்கே நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். அந்த வருடம் அக்காவையும் ஆசையாக அழைத்திருந்தான். அவள் முறை வந்ததும் கையை நீட்டினான். ஹெல்மி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றான், சிரிப்பு மாறாமல்.

“பாக்கட்டும்டா, அதுக்குத்தான் வந்தேன். பனிக்காலத்துல தீவுக்குப் படகு கிடையாதுன்னு சட்டம் உன் கையெழுத்துக்கு வந்தப்ப, சட்டசபைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமில்ல? கையெழுத்துப் போட்டுட்ட. என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு படகுத்துறையிலேயே கிடந்து செத்தார்.”

“நான் மட்டுமா அக்கா? சபையே சேர்ந்துதானே...”

“சபையாடா எனக்குத் தம்பி?”

வரிசை நின்றுவிட்டது. “நகருங்கம்மா,” என்றார் ஓர் அதிகாரி. அவள் நகரவில்லை. தாவெத்தும் கையை இறக்கவில்லை. இறக்கினால் அக்கா போய்விடுவாள் என்று பயந்தான்.

உங்கள் வீட்டில் யாருக்கு நோவு வந்தாலும், கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி வந்து நிற்கட்டும், என் செல்லங்களா.